ஐஸ்ல சைக்கிள் வழுக்குது, டயர்ல காத்தை எறக்கினா போதுமா?

கேள்வி: சார், தினமும் சைக்கிள்லதான் வேலைக்குப் போறேன், ஒரு வழி ஏழு கிலோமீட்டர். எனக்கு இதுதான் முதல் பனிக்காலம். போன வாரம் ஒரு திருப்பத்துல முன் சக்கரம் அப்படியே படுத்துருச்சு, முழங்கையில நல்ல அடி. கூட வேலை பாக்கறவர் டயர்ல காத்தை பாதியா எறக்கினா போதும்ங்கிறார். கடைக்காரர் இந்த வண்டியே பனிக்கு ஆகாது, ஃபேட் பைக், அதாவது ரொம்ப அகலமான டயர் வச்ச வண்டி வாங்குங்கன்னு சொல்றார். என்னோடது 28 இன்ச், 37 மில்லிமீட்டர் டயர், ரிம் பிரேக், அதாவது கட்டை சக்கர விளிம்பைப் பிடிக்கிற வகை. என்ன பண்ணட்டும்?

பதில்: ரெண்டு பேர் சொல்றதையும் விட்டுருங்க. புது வண்டி வேண்டாம், இருக்கற வண்டிக்கு ஆணி வச்ச டயர், அதாவது ஸ்டட் டயர் மாட்டுங்க, விஷயம் அவ்வளவுதான். முடிஞ்சா ரெண்டு சக்கரத்துக்கும், கையில காசு கம்மின்னா முன் சக்கரத்துக்கு மட்டுமாவது. பின் சக்கரம் வழுக்கினா வண்டி வாலை ஆட்டும், கால் ஊனி சமாளிச்சுரலாம், ஆனா முன் சக்கரம் வழுக்கினா என்ன நடந்ததுன்னு தெரியறதுக்குள்ள கீழ கிடப்பீங்க, உங்களுக்கு நடந்தது அதுதான். இது தெரியாம "மிதிக்கிற சக்கரத்துக்குத்தான் பிடிப்பு வேணும்"னு பின்னாடி மட்டும் மாட்டி அனுப்பற மெக்கானிக்குங்க இருக்காங்க, அப்படி மாட்டினா அதைக் கழட்டி முன்னாடி மாத்தித் தரச் சொல்லிட்டுத்தான் கடையை விட்டு வெளிய வரணும்.

காத்து எறக்கற விஷயத்துல உங்க நண்பர் சொல்றது பாதி சரி. அமுங்கின பனி மேல ஓட்டும்போது காத்து கம்மியா இருந்தா டயர் அகலமா உக்காரும், பிடிப்பு கூடும். ஆனா ஐஸ் வேற, பனி வேற. ஐஸ் மேல ரப்பர் எவ்வளவு அகலமா உக்காந்தாலும் பிடிக்கறதுக்கு அங்க ஒண்ணும் கிடையாது. அதுவும் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டின நாள்தான் ரொம்ப மோசம், பகல்ல உருகி ராத்திரி உறைஞ்ச ஐஸ் மேல மெல்லிசா தண்ணி நிக்கும். மைனஸ் 15ல இருக்கற ஐஸ் அந்த அளவுக்கு வழுக்காது. குளிர் கூடினா ஆபத்து கூடும்னு எல்லாரும் நினைக்கிறாங்க, சைக்கிளுக்கு அப்படி இல்ல. ஸ்டட் டயர் மாட்டினப்புறம் ஐஸ் நாள்ல கொஞ்சம் காத்து எறக்குங்க, அப்பதான் ஓரத்து ஆணியும் தரையைத் தொடும். டயர் பக்கவாட்டுல குறைஞ்சபட்ச அழுத்தம் எவ்வளவுன்னு அச்சடிச்சிருக்கும், அதுக்குக் கீழ போகாதீங்க, போனா ஒரு குழியில விழுந்ததும் டியூப் ரிம்முக்கும் குழி ஓரத்துக்கும் நடுவுல நசுங்கி ரெண்டு ஓட்டை விழும், அதை மைனஸ்ல கையுறையைக் கழட்டிட்டு மாத்தற கொடுமை உங்களுக்கு வேண்டாம்.

இப்ப ஏமாத்து வேலைக்கு வருவோம், ஏன்னா சீசன் தொடங்கினாலே இதுல விழறவங்கதான் ஜாஸ்தி. பேர்ல "விண்டர்"னு இருந்தா ஆணி இருக்கும்னு அர்த்தம் இல்ல. குளிர்ல கெட்டியாகாத ரப்பர்ல, மேல நிறைய சின்னச் சின்ன வெட்டுப் போட்டு "விண்டர் டயர்"னு விப்பாங்க. ஈர ரோட்டுக்கும் லேசான பனிக்கும் அது நல்ல டயர்தான், பொய் சொல்லல, ஆனா ஐஸ்க்கு அது உதவாதுங்கறதை எந்தக் கடைக்காரரும் தானா முன்வந்து சொல்ல மாட்டார். ரெண்டாவது, ஆணி எதுல செஞ்சதுன்னு கேளுங்க. டங்ஸ்டன் கார்பைடு முனை இருக்கணும். வெறும் ஸ்டீல் ஆணின்னா தார் ரோட்டுல கொஞ்ச நாள்லயே தேஞ்சு மொட்டையாயிரும். உங்க வழியில பாதி நேரம் வெறும் தார்தானே இருக்கும், அதுலதான் ஆணி தேயறது. கார்பைடு டயரை உத்துப் பாத்தா ஒவ்வொரு ஆணியிலயும் ஒரு உலோக வளையமும் அதுக்கு நடுவுல தனியா துருத்திட்டு நிக்கிற குட்டி முனையும் தெரியும். பழைய டயர் வாங்கினா நகத்தால அந்த முனையைத் தடவிப் பாருங்க, நகம் மாட்டணும். முனையும் வளையமும் ஒரே மட்டமா இருந்தா டயர் முடிஞ்சு போச்சு, ஆன்லைன்ல "ஒரே சீசன் ஓட்டினது"ன்னு போட்டு விக்கறதுல இந்த மாதிரி ஏகப்பட்டது வருது. போட்டோவை எப்பவும் தூரத்துல இருந்தே எடுத்திருப்பாங்க, ஏன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

ஆணி வரிசை ரெண்டா நாலான்னும் பாத்துக்குங்க. ரெண்டு வரிசை டயர்ல சுமார் நூறு ஆணி, ஓரத்துல மட்டும் இருக்கும். நாலு வரிசையில இருநூறுக்கு மேல. எப்பயாவது ஓட்டறவங்களுக்கு ரெண்டு வரிசை போதும். தினம் ஏழும் ஏழும் பதினாலு கிலோமீட்டர், கார் சக்கரத் தடம் உறைஞ்சு பள்ளம் பள்ளமா இருக்கற ரோடு, உங்களுக்கு நாலு வரிசைதான். வாங்கறதுக்கு முன்னாடி மட்கார்டுக்கு அடியிலயும் பிரேக் கைகளுக்கு நடுவுலயும் டயருக்கு இடம் இருக்கான்னு அளந்துக்குங்க, ஆணி உரசினா மட்கார்டு கிழிஞ்சுரும். மாட்டின உடனே ஐஸ்ல எறங்காதீங்க, முதல் 40 கிலோமீட்டர் தார் ரோட்டுல நிதானமா, வேகமா மிதிக்காம, இழுத்துப் பிரேக் போடாம ஓட்டுங்க, அப்பதான் ஆணி ரப்பர்ல ஆழமா உக்காரும். இதைச் செய்யாம அடுத்த வாரமே "ஆணி கொட்டிருச்சு"ன்னு டயரைத் தூக்கிட்டு வர்றாங்க. ஆணிக்குப் பதிலா டயரைச் சுத்தி பிளாஸ்டிக் கேபிள் டை கட்டற வீடியோவெல்லாம் பாத்திருப்பீங்க, ரிம் பிரேக் வண்டியில அதைக் கட்டினா பிரேக் கட்டையில இடிச்சு சக்கரமே சுத்தாது.

இப்ப ஒரு விதிவிலக்கு, இதைக் கொஞ்சம் விரிவா சொல்லணும். ஆணி எல்லா இடத்துலயும் காப்பாத்தும்னு நினைக்காதீங்க. விழுந்த பனி மேல ஆளும் காரும் போய்ப் போய், உப்பும் அரைகுறையா தூவி, அது ஆத்து மணல் மாதிரி உதிரி உதிரியா ஆயிரும். பாக்க சாதாரணமாத்தான் இருக்கும். ஆணி குத்தறதுக்கு அதுல கெட்டி கிடையாது, மிதிச்சா அமுங்கவும் அமுங்காது, முன் சக்கரம் அதுக்குள்ள புதைஞ்சு தான் நினைச்ச பக்கம் போகும். எப்படி கண்டுபிடிக்கறதுன்னா முன்னாடி நடந்து போனவங்க ஷூ தடத்தைப் பாருங்க. தடத்தோட ஓரம் வெட்டி வச்ச மாதிரி நின்னா அது அமுங்கற பனி, ஓட்டலாம். ஓரம் சரிஞ்சு மூடியிருந்தா உதிரிப் பனி. வேற வழியில்லாம அதுல போகணும்னா கியரைக் குறைச்சு, உடம்பைக் கொஞ்சம் பின்னாடி சாச்சு, மிதிக்கறதை நிறுத்தாம, ஹேண்டில் பாரை இறுக்கிப் பிடிக்காம போங்க, சக்கரம் லேசா ஆடினா ஆடட்டும், அதோட மல்லுக்கட்டினாதான் விழுவீங்க. கணுக்கால் அளவு உதிரிப் பனின்னா எறங்கித் தள்ளிட்டுப் போறதுதான் வேகம். இந்த ஒரு இடத்துல மட்டும் கடைக்காரர் சொன்ன ஃபேட் பைக்குக்கு நியாயம் இருக்கு, நாலு இன்ச் டயர் இதுல மிதக்கும். ஆனா அதே வண்டி ஆணி இல்லாம ஐஸ்ல உங்களோடதைப் போலவேதான் விழும், இதை அவர் சொன்னாரா?

இந்த உதிரிப் பனிக்கு பாதி காரணம் ரோடு பராமரிக்கிறவங்கதான். கார் ரோட்டுப் பனியை வழிச்சு சைக்கிள் பாதை மேலயே குவிக்கிறது, அது ராத்திரி பாறையா உறையறது, பேருக்கு ஒரு கை உப்பு. கேட்டா "பனிக்காலத்துல யாரு சைக்கிள் ஓட்டறா"ங்கிறாங்க, பாதையை இப்படி வச்சா யாரு ஓட்டுவா? பின்லாந்துல ஓலுன்னு ஒரு ஊர், 2013ல பனிக்கால சைக்கிள் மாநாடு முதல்முதலா நடந்தது அங்கதான். அவங்க முக்கியமான சைக்கிள் பாதைகளை காலையில ஆள் கிளம்பறதுக்கு முன்னாடியே சமன்படுத்திருவாங்க, உப்புப் போட்டு கூழாக்காம பனியை இறுக்கி மேல கொஞ்சம் சரளைக் கல்லைத் தூவி விட்டுருவாங்க, சின்னப் பசங்க அதுல பள்ளிக்கூடம் போறாங்க. இதுக்குப் பெரிய விஞ்ஞானம் எல்லாம் வேண்டாம். நம்ம பாதை அப்படி இல்லைங்கறதால சந்திப்புல குவிச்சு வச்ச பனி மேட்டை நேர் குறுக்கா ஏறிக் கடங்க, சாய்வா ஏறினா சக்கரம் வழுக்கும். தண்டவாளம், சாக்கடை மூடி, ரோட்டுல அடிச்ச வெள்ளைக் கோடு, பாலம், எல்லாத்துலயும் இதே கவனம், பாலத்துக்கு அடியிலயும் குளிர் காத்து போறதால ரோட்டுக்கு முன்னாடியே அது உறைஞ்சுரும்.

பிரேக்: ஐஸ்ல பின் பிரேக்கை மட்டும், அதுவும் மெதுவா. திருப்பத்துக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சுட்டு, திரும்பும்போது பிரேக்கும் போடாம, மிதிக்கவும் செய்யாம, வண்டியைச் சாய்க்காம அகலமா திரும்புங்க. உங்களுது ரிம் பிரேக்ங்கறதால ரிம்ல பனி ஒட்டியிருந்தா முதல் ரெண்டு சுத்துக்குப் பிடிக்கவே பிடிக்காது, நிக்க வேண்டிய இடம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே கட்டையை லேசா உரசவிட்டுத் துடைச்சுக்குங்க. வண்டியை சூடான வீட்டுக்குள்ள வச்சு காலையில நேரா பனியில எறக்கினா ரிம்ல பனி உருகி மறுபடி ஐஸா ஒட்டும், கேபிள் உறைக்குள்ள இருக்கற ஈரமும் உறையும். முடிஞ்ச வரைக்கும் குளிரான, நனையாத இடத்துலயே நிறுத்துங்க. கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு பிரேக் லீவரையும் அமுக்கி விட்டு, திரும்பி வருதான்னு பாத்துக்குங்க. மிதிச்சா பெடல் சும்மா சுத்தி வண்டி நகரலேன்னா பின் சக்கர ஃப்ரீஹப்புக்குள்ள, அதாவது மிதிக்கும்போது மட்டும் சக்கரத்தைப் பிடிச்சுச் சுத்தற நடுப் பாகத்துக்குள்ள, கிரீஸ் உறைஞ்சிருக்கு, உள்ள கொண்டு வந்து சூடேத்தினா சரியாயிரும், அப்புறமா குளிருக்கான மெல்லிசு கிரீஸ் போடச் சொல்லுங்க. இதுக்குப் புது சக்கரம் வாங்கச் சொன்னா வண்டியை எடுத்துட்டு வந்துருங்க.

சீட்டை ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர் எறக்குங்க, லைட் முன்னாடியும் பின்னாடியும் எரியணும், வாரத்துக்கு ஒரு தடவை செயினைத் துடைச்சு எண்ணெய் போடுங்க, உப்பு அதைத் தின்னுரும். மழையே ஐஸா உறையற நாள்ல வண்டியை எடுக்காதீங்க. ஸ்டட் டயர் மாட்டினப்புறம் நிறைய பேர் விழறது ஓட்டும்போது இல்ல, சிக்னல்ல நின்னு காலை ஊனும்போதுதான், வண்டி பிடிச்சுட்டு நிக்கும், ஷூ வழுக்கிட்டுப் போகும். அதனால ஷூ மேல மாட்டற ஆணி வச்ச ரப்பர் ஒரு ஜோடி பையிலயே கிடக்கட்டும்.