'ஆஸ்க் டு யூ' சரியா, 'ஆஸ்க் யூ' சரியா? ஆங்கிலத்தில் ஒருவரிடம் கேள்வி கேட்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

'ஆஸ்க் யூ' என்பதே சரி. 'ஐ வான்ட் டு ஆஸ்க் யூ எ கொஸ்டின்' என்றால் போதும். தமிழில் 'உங்களிடம்' கேட்கிறோம் அல்லவா? அந்த 'இடம்' என்ற உருபுக்கு ஈடு தேடித்தான் 'யூ'வுக்கு முன்னால் ஒரு 'டு'வைச் சேர்த்துவிடுகிறோம். 'எக்ஸ்ப்ளெய்ன்' இதற்கு நேர்மாறு. அங்கே 'எக்ஸ்ப்ளெய்ன் மீ' என்பது பிழை. 'எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மீ' என்றே சொல்ல வேண்டும். ஆகவே ஒவ்வொரு வினைச்சொல்லையும் 'டு' வருமா, வராதா என்பதோடு சேர்த்தே படித்துக்கொள்ளுங்கள். 'கொஸ்டின்' என்ற பெயர்ச்சொல்லை வைத்துத் தொடங்கினால் 'ஐ ஹேவ் எ கொஸ்டின் ஃபார் யூ' என்பது இயல்பாக இருக்கும்.

இலக்கணப் பிழையைவிட எனக்குக் கவலை தருவது 'டவுட்' என்ற சொல். ஒருமுறை வெளிநாட்டுச் சக ஊழியர் ஒருவருக்கு, 'ஐ ஹேவ் எ டவுட் அபவுட் யுவர் ரிப்போர்ட்' என்று எழுதினேன். ஒரு பத்தி புரியவில்லை, விளக்கம் வேண்டும் என்பதே என் எண்ணம். அவரோ தன் கணக்குகளை நான் நம்பவில்லை என்று எடுத்துக்கொண்டு, ஆதாரங்களை வரிசையாக அனுப்பிவைத்தார். தமிழில் 'சந்தேகம்' புரியாமையையும் குறிக்கும், நம்பாமையையும் குறிக்கும். இந்தியாவுக்கு வெளியே பெரும்பாலோருக்கு 'டவுட்' என்றால் நம்பாமை மட்டுமே. அன்றுமுதல் 'கொஸ்டின்' என்றே எழுதுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

இன்னொன்று, சொல் வரிசை. 'வேர் இஸ் தி ஸ்டேஷன்?' என்று நேராகக் கேட்கலாம். ஆனால் பணிவுக்காக முன்னால் 'குட் யூ டெல் மீ' சேர்த்தால், கேள்வியின் வடிவம் அந்தப் பகுதியிலேயே வந்துவிடுகிறது. பின்பகுதி சாதாரண வாக்கியமாக, 'வேர் தி ஸ்டேஷன் இஸ்' என்று மாற வேண்டும். நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர்களும் இதில் தவறுகிறார்கள்.

நம் 'இல்லையா' எல்லா வாக்கியத்துக்கும் பொருந்தும். 'இஸிண்ட் இட்' பொருந்தாது. 'யூ ஆர் கமிங்' என்றால் 'ஆரிண்ட் யூ' என்றுதான் முடிக்க வேண்டும்.

'உட் யூ மைண்ட்' என்று தொடங்கும் கேள்விக்கு வரும் பதிலையும் கவனியுங்கள். 'உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?' என்பதே அதன் பொருள். ஜன்னலைத் திறக்கச் சொல்லி 'உட் யூ மைண்ட் ஓப்பனிங் தி விண்டோ?' என்று கேட்கும்போது எதிரில் இருப்பவர் 'நோ, நாட் அட் ஆல்' என்றால், மறுக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் திறக்கத்தான் எழுந்துகொண்டிருக்கிறார்.