அமெரிக்காவில் புது வீடு வாங்கினால் எச்ஓஏ ஏன் கூடவே வருகிறது?

எச்ஓஏ எனப்படும் வீட்டு உரிமையாளர் சங்கம் பெரும்பாலும் குடியிருப்பவர்கள் கூடித் தொடங்கியதல்ல. முதல் மனையை விற்பதற்கு முன்பே பில்டர் அதன் விதிகளைக் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) அலுவலகத்தில் பதிந்துவிடுகிறார். அந்த விதிகள் நிலத்தோடு ஒட்டியவை; யார் வாங்கினாலும் அவரைக் கட்டுப்படுத்தும். வாங்குபவர் தானாக உறுப்பினர், வீட்டை விற்காமல் விலக முடியாது.

நகராட்சிக்கு வரி வேண்டும், பராமரிப்புச் செலவு வேண்டாம். கலிபோர்னியாவில் 1978-இல் நிறைவேறிய 13-ஆம் முன்மொழிவு என்ற வாக்கெடுப்புச் சட்டம் அடிப்படைச் சொத்து வரியை மதிப்பில் 1 சதவீதத்துக்குள் நிறுத்தியதும் இந்த நெருக்கடி கூடியது. உள்தெரு, பூங்கா, மழைநீர்க் குளம் எல்லாவற்றையும் சங்கமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று லேஅவுட் ஒப்புதலிலேயே பல ஊர்கள் நிபந்தனை போடுகின்றன. பதிலுக்கு பில்டர் வீடுகளை நெருக்கமாகக் கட்டிக்கொள்ளலாம்.

பிறகு சிக்கல் அந்தக் குளத்தில் முளைக்கும். ஆண்டுக்கணக்கில் வண்டல் சேர்ந்து கொள்ளளவு குறையும்; தூர்வாரும் செலவு குடியிருப்பவர்கள் தலையில். வீடு விற்க வேண்டுமென்று பில்டர் மாதச் சந்தாவைக் குறைத்தே வைத்திருந்தால் கையிருப்பு நிதி இருக்காது, சிறப்பு வசூல் வரும். ஃபுளோரிடாவில் பொதுவாக 90 சதவீத மனைகள் கைமாறி மூன்று மாதம் ஆகும்வரை நிர்வாகக் குழுவின் பெரும்பான்மை பில்டரிடமே இருக்கலாம்.

சொத்து வரியும் கட்டி, சந்தாவும் கட்டுவது நியாயமில்லை. நியூஜெர்சியில் பனி அகற்றல், தெருவிளக்கு, குப்பை சேகரிப்பு ஆகியவற்றை நகராட்சியே செய்ய வேண்டும், இல்லையேல் சங்கத்துக்குப் பணம் தர வேண்டும் என்று சட்டமே உண்டு. வாங்கும் முன் வருங்காலப் பழுதுகளுக்குப் பணம் போதுமா என்று காட்டும் கையிருப்பு நிதி ஆய்வறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்; குளம் யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள்.