முதலில் கூண்டு, பிறகு கோழி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் 3 சென்ட் இடமும் ஒரு முருங்கை மரமும் இருக்கின்றன. எங்கள் நான்கு பேருக்கு முட்டை கிடைக்கும் அளவுக்குக் கோழி வளர்க்க விரும்புகிறேன். ஒரு நாள் வயதுக் குஞ்சுகளாக இருபது வாங்கிவிடலாம் என்கிறார் என் கணவர். எப்படித் தொடங்குவது?
- வாசகி, மணப்பாறை

பதில்: இருபது குஞ்சுகள் வேண்டாம், அம்மா. தாயில்லாத குஞ்சுக்கு முதல் வாரத்தில் ஏறத்தாழ 95 டிகிரி பாரன்ஹீட் வெப்பத்தைப் பல்பு போட்டுக் கொடுத்து, பிறகு வாரத்துக்கு 5 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வர வேண்டும். நள்ளிரவில் மின்சாரம் நின்றால் குஞ்சுகள் குளிரில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் இருப்பவை நசுங்கிச் செத்துவிடும். பிழைத்து வளர்பவற்றிலும் பாதி சேவலாகத்தான் இருக்கும். முதல் முறை வளர்ப்பவர்கள், முட்டையிடும் பருவத்தை நெருங்கிய விடைக்கோழிகள் ஐந்தையும் ஒரு சேவலையும் வாங்குவதே நல்லது. குஞ்சு வளர்க்கும் வேலையைக் கோழி உங்களைவிட நன்றாகச் செய்யும்.

இனத்தைப் பொறுத்தவரை, சிறிய உடல்வாகுள்ள நாட்டுக்கோழியான சிறுவிடையையே நான் சொல்வேன். அது குறைவாகத் தின்னும், மேய்ந்து வயிற்றை நிரப்பிக்கொள்ளும், பருந்தின் நிழலைக் கண்டாலே குரல் கொடுத்துப் பதுங்கும், ஒழுங்காக அடைகாக்கும். ஒரு கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டைகள் இடும் என்று கொண்டால், ஐந்து கோழிகளிடமிருந்து சராசரியாக நாளுக்கு ஒரு முட்டை கிடைக்கும். அடைக்கு வைப்பதை இதில் கழித்துக்கொள்ளுங்கள். இது போதாது என்றால், ஐதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா ஆகியவற்றில் இரண்டு மூன்றைச் சேர்க்கலாம். அவை புழக்கடையிலேயே ஆண்டுக்கு 100க்கு மேல் முட்டையிடும். ஆனால் அவற்றை நம்பி அடைவைக்க முடியாது என்பதால், ஒவ்வொரு முறையும் குஞ்சுகளை வெளியில்தான் வாங்க வேண்டியிருக்கும்.

கோழி வருவதற்கு முன்பே கூண்டு தயாராக இருக்க வேண்டும். இரவில் அடைய மட்டும் என்றால், ஆறு கோழிகளுக்கு நான்கடி நீளம், மூன்றடி அகலம் போதும். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் கால்கள் வைத்துக் கட்டி, உள்ளே குறுக்காக ஒரு கம்பு போடுங்கள். கோழிக்கு உயரத்தில் உட்கார்ந்தால்தான் தூக்கம் வரும். வலையின் கண் அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். இரண்டு விரல் நுழையும் சந்து இருந்தால் கீரிப்பிள்ளைக்கு அதுவே வாசல். அது ஒன்றைக் கொன்று தின்றுவிட்டுப் போவதில்லை, உள்ளே இருக்கும் அத்தனையையும் கழுத்தில் கடித்துப் போட்டுவிடும்.

வாங்கி வந்த கோழிகளை முதல் ஒரு வாரம் கூண்டிலேயே வைத்துத் தீனியும் தண்ணீரும் கொடுங்கள். அதன்பின் திறந்துவிட்டாலும் மாலையில் தாமாகவே திரும்பி வரும். கம்போ சோளமோ அரிசிக் குருணையோ காலையில் சிறிது, அடையும் நேரத்தில் சிறிது போடுங்கள். முருங்கைக் கீரையைக் கட்டித் தொங்கவிடுங்கள். முட்டை ஓடு மெல்லியதாகத் தெரிந்தால் கிளிஞ்சலை நொறுக்கி ஒரு சட்டியில் வைத்துவிட்டால், தேவையான அளவு தானே கொத்திக்கொள்ளும். பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள். அதிலுள்ள நஞ்சு ஈரலைக் கெடுத்துவிடும்.

கேள்வி: எங்களிடம் இருந்த 12 கோழிகளில் 9 ஒரே வாரத்தில் இறந்துவிட்டன. வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தன. இரண்டு கழுத்தைத் திருகிக்கொண்டு சுற்றின. என்ன மருந்து கொடுக்கலாம்?
- வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்தபோது என் வீட்டில் நடந்ததே கண்முன் வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் சந்தையில் ஆசைப்பட்டு வாங்கிய ஒரு சேவலை அன்று மாலையே மற்றவற்றோடு விட்டேன். ஐந்தாம் நாள் அது தலை கவிழ்ந்து நின்றது. இரண்டு வாரத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவற்றைக் குழி தோண்டிப் புதைத்தேன்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் வெள்ளைக்கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோயைக் காட்டுகின்றன. இது நச்சுயிரியால் வருவது. வந்தபின் இதைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. ஆயினும் கூட்டமாகச் சாகும்போது பறவைக் காய்ச்சலா என்றும் பார்த்தாக வேண்டும் என்பதால், உடனே கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் கொடுங்கள். இறந்தவற்றைக் குளத்திலோ குப்பையிலோ எறியாமல், ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். கூண்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து வெயிலில் காயவிட்டு, ஒரு மாதமாவது வெறுமையாக வைத்திருங்கள். மீதி மூன்றும் உடல் தேறிவிட்டாலும் நோயைப் பரப்பக்கூடும் என்பதால், அவற்றை யாருக்கும் விற்க வேண்டாம்.

இனி வாங்கும் குஞ்சுகளுக்கு 7ஆம் நாளில் கண்ணில் ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து விட வேண்டும். குஞ்சை உள்ளங்கையில் சாய்த்துப் பிடித்து, சொட்டு விழுந்தபின் அது கண்ணை மூடித் திறந்து மருந்து உள்ளே இறங்கும் வரை காத்திருந்து கீழே விடுங்கள். அவசரப்பட்டால் தலையை உதறி மருந்தைச் சிந்திவிடும். மூன்று, நான்கு வார வயதில் மறுபடியும் சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசி. ஒரு குப்பி மருந்து பெரும்பாலும் நூறு கோழிகளுக்கு வரும். கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். எனவே தெருவில் கோழி வளர்க்கும் ஐந்தாறு வீட்டார் ஒரே நாளைக் குறித்துக்கொண்டு, பனிக்கட்டி போட்ட பிளாஸ்கில் மருந்தை வாங்கி வந்து எல்லார் வீட்டிலும் போட்டுவிடுங்கள். பிப்ரவரியில் கால்நடைப் பராமரிப்புத் துறை நடத்தும் கழிச்சல் நோய்த் தடுப்பூசி முகாமையும் தவறவிடாதீர்கள். புதுக் கோழி எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மூன்று வாரம் தனியாக வைத்திருந்த பிறகே மற்றவற்றோடு சேருங்கள்.

கேள்வி: சேவல் இல்லாமல் கோழி முட்டையிடுமா?
- வாசகி, தாம்பரம்

பதில்: இடும். அந்த முட்டை பொரியாது, அவ்வளவுதான். உணவில் வேறுபாடு எதுவும் இல்லை. அடுத்தடுத்து வீடுகள் உள்ள இடத்தில் நீங்கள் சேவல் வளர்க்காமல் இருப்பதே அக்கம்பக்கத்தாருக்கு நல்லது.

கேள்வி: 14 முட்டை அடைவைத்ததில் ஐந்துதான் பொரித்தன. மற்றவை கூமுட்டையாகிவிட்டன. ஏன்?
- வாசகர், சங்கரன்கோவில்

பதில்: சிறிய கோழியின் வயிற்றுக்கடியில் 14 முட்டைகள் அடங்கா, ஓரத்து முட்டைகளுக்குச் சூடு எட்டாது. பத்து வைத்தால் போதும். முட்டையின் வயதும் முக்கியம்: ஒரு வாரத்துக்கு மேற்பட்டதை வைக்காதீர்கள், கோடையில் அதற்கும் குறைவாகவே இருக்கட்டும். சேர்த்து வைக்கும்போது கழுவாமல், கூர்முனை கீழே இருக்கும்படி, ஈர மணல் மேல் வைத்த மண்சட்டிக்குள் வையுங்கள். அடைக்கூடையில் கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் இரும்பு ஆணியும் போடும் வழக்கத்தைத் தொடர்வதானால் தொடருங்கள். ஆனால் பழைய முட்டையை அவை காப்பாற்றா.

ஏழாம் நாள் இரவில் ஒவ்வொரு முட்டையையும் டார்ச் விளக்கின் முகத்தில் வைத்துப் பாருங்கள். சிலந்தி கால் பரப்பியதுபோலச் செந்நிற நரம்புகள் தெரிந்தால் கரு கூடியிருக்கிறது. வெறுமையாக ஒளி ஊடுருவினால் எடுத்துவிடலாம். 21ஆம் நாளில் ஓடு கீறியிருப்பதைப் பார்த்ததும் உரித்துவிடத் தோன்றும். கை வைக்காதீர்கள், ஓட்டின் உட்புறத்து இரத்த நாளங்கள் வற்றி, மிச்ச மஞ்சள்கருவும் குஞ்சின் வயிற்றுக்குள் சென்றபின் அது தானே வெளியே வரும். அதற்கு ஒரு நாள் முழுவதும்கூட ஆகலாம்.