அறுபடை வீடு: எட்டு நாளில் முடியுமா?

மொரீஷியஸின் காத்ர் போர்னிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "தைப்பூசக் காவடி முடிந்து இரண்டு நாளில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு தமிழ்நாடு போகிறோம். அம்மாவுக்கு 70 வயது, முழங்கால் வலி. சென்னையில் இறங்குகிறோம், எட்டு நாள் இருப்போம். ஆறு படை வீடும் பார்த்துவிடலாமா? எல்லா இடத்திலும் அதே முருகன்தானே, இரண்டு மூன்றை விட்டால் என்ன?"

பார்த்துவிடலாம். எதையாவது விட்டே ஆகவேண்டும் என்றால் சென்னைப் புடவைக் கடைகளை விடுங்கள்.

அதே முருகன்தான், ஆனால் கோலம் வேறு. திருப்பரங்குன்றத்தில் தெய்வானையை மணந்த கோலத்தில் உட்கார்ந்திருக்கிறார். அது குடைவரைக் கோயில். மூலவரைப் பாறையிலேயே செதுக்கியிருப்பதால் அபிஷேகம் வேலுக்குத்தான். திருச்செந்தூரில் சூரனை வென்றபின் கையில் பூவோடு சிவபூஜை செய்யும் முருகன், தனியாக நிற்கிறார். திருத்தணியில் சினம் தணிந்துவிட்டதால் கந்த சஷ்டிக்கு அங்கே சூரசம்ஹாரமே கிடையாது.

பழனிக்கு வருவோம். நீங்கள் போகும் சமயத்தில் தைப்பூசக் கூட்டம் முழுதாக வடிந்திருக்காது, அதனால் அதைக் கடைசியில் வையுங்கள். அங்கே நேரத்தையும் பார்க்கவேண்டும். அலங்காரம் காலத்துக்குக் காலம் மாறும். காலை விளா பூஜையில் ஆண்டிக் கோலம். மாலை சாயரட்சையில் கிரீடமும் பட்டுமாக ராஜ அலங்காரம். வெளிநாட்டிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் மாலையில் போய் ராஜாவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள், கோவணாண்டியைத் தேடித்தானே அவ்வளவு தூரம் போனது! முந்தின நாளே அடிவாரத்தில் தங்கிவிட்டால் இரண்டையும் பார்க்கலாம். மலையேற விஞ்ச் (தண்டவாளத்தில் கம்பியால் இழுக்கப்படும் பெட்டி) உண்டு, ரோப் காரும் உண்டு. ரோப் கார் பராமரிப்புக்காக அவ்வப்போது நிற்கும், விசாரித்துக்கொள்ளுங்கள். மேலே செல்போனுக்கு அனுமதி இல்லை. ஏறுவதற்கு முன் அடிவாரத்துத் திருஆவினன்குடியில் மயில்மேல் உட்கார்ந்திருக்கும் குழந்தை வேலாயுதரைப் பாருங்கள். திருமுருகாற்றுப்படையில் நக்கீரர் சொல்லும் படை வீட்டின் பெயர் ஆவினன்குடிதான்.

சரி, எந்த வழியில் போவது? சென்னையிலிருந்து முதலில் திருத்தணி. படிகள் 365 என்று பயப்படவேண்டாம், கார் மேலேயே போகும். அப்புறம் கும்பகோணம் போய்ச் சுவாமிமலை; அப்பாவுக்கே பாடம் சொன்ன சுவாமிநாதன் இருக்கும் இடம். அங்கே தமிழ் ஆண்டுகளின் கணக்கில் 60 படி, அம்மா நின்று நின்று ஏறட்டும். அங்கிருந்து மதுரை. திருப்பரங்குன்றமும், அழகர்கோயில் மலைமேல் பழமுதிர்ச்சோலையும் ஒரே நாளில் முடியும். ஒன்று ஊருக்குத் தெற்கே, மற்றது வடக்கே. மறுநாள் திருச்செந்தூர். கடற்கரைக் கோயில், மலை ஏறும் வேலை இல்லை. ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். கடைசியாகப் பழனி, அங்கிருந்து சென்னைக்கு இரவு ரயில் இருக்கிறது.

ஆறும் அம்மாவால் முடியாது என்று புறப்படும்போதே தோன்றினால் திருத்தணியை விடலாம் என்பேன். நக்கீரர் அந்தப் படை வீட்டைக் குன்றுதோறாடல், அதாவது குன்றுகள்தோறும் முருகன் ஆடுவது, என்றுதான் பாடுகிறார், திருத்தணி என்று பிற்காலத்தில் கொண்டார்கள். அந்தக் கணக்கில் நம் கோர் தெ கார்த் மலைக் கோயிலும் சேர்த்திதான்.

திரும்பும்போது ஒன்று. பழனிப் பஞ்சாமிர்த டப்பாவைக் கைப்பையில் வைக்காதீர்கள், குழம்பு போன்ற பொருள் என்று பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். பெரிய பெட்டியில் போடுங்கள். திருச்செந்தூரில் பன்னீர் இலையில் விபூதி தருவார்கள். செடி, இலைகளை மொரீஷியஸுக்குள் கொண்டுவரக் கட்டுப்பாடு இருப்பதால் விபூதியை மட்டும் ஒரு சிமிழில் கொட்டிக்கொண்டு, இலையை அங்கேயே விட்டுவிடுங்கள்.