கடல் பக்கம் வீடு பார்க்கிறீர்களா? முதலில் ஆற்றைப் பாருங்கள்

கேள்வி: கோயம்புத்தூரில் இருக்கிறோம். கணவருக்குக் கடலூருக்கு மாற்றல் வந்திருக்கிறது. அலுவலகம் மஞ்சக்குப்பத்தில். மகள் ஜூனில் ஒன்பதாம் வகுப்பு போகிறாள், மகனுக்கு ஆறு வயது. மாமியாருக்கு இளைப்பு உண்டு. கடல் பக்கமாகத்தான் வீடு வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். தேவனாம்பட்டினம், தாழங்குடா, புதுச்சேரி குருசுக்குப்பம், கோட்டக்குப்பம் தாண்டித் தந்திராயன்குப்பம் என்று நான்கு இடங்களில் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்றை வாங்கிவிடலாமா, வாடகைக்குப் போவதா? மகன் கடலில் குளிக்கலாமா என்று தினமும் கேட்கிறான். (ஒரு வாசகி)

பதில்: நீங்கள் பார்த்த நான்கு இடமும் கடலை வைத்துத் தேர்ந்தெடுத்தவை. நான் கடலூரில் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகக் கட்டடப் பொறியாளராக இருக்கிறேன். வீடு வாங்குகிறவர்களுக்காக வீட்டைச் சோதித்துச் சொல்வதுதான் என் வேலையில் பாதி. இந்த ஊரில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு அது மேற்கிலிருந்துதான் வந்தது. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26-ஐ நான் மறக்கவில்லை. தேவனாம்பட்டினத்தில் அன்று நடந்ததைப் பார்த்த யாராலும் மறக்க முடியாது. ஆனால் சில வருடங்களுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்து கட்டிலையும் புத்தகப்பையையும் நனைப்பது ஆற்று வெள்ளம்.

கடலூரின் படத்தை எடுத்துப் பாருங்கள். வடக்கே தென்பெண்ணை, தாழங்குடாவை ஒட்டிக் கடலில் கலக்கிறது. நடுவே கெடிலம், மஞ்சக்குப்பத்துக்கும் திருப்பாதிரிப்புலியூருக்கும் இடையில் ஓடி, தேவனாம்பட்டினத்துக்குத் தெற்கே முடிகிறது. முதுநகர்ப் பக்கம் உப்பனாறும் பரவனாறும். எங்கெங்கோ பெய்த மழையெல்லாம் வந்து சேரும் கடைசி இடம் இது. புயல் நேரத்தில் கடல் ஏறி நிற்கும், ஆற்றுத் தண்ணீரை உள்வாங்காது. அப்போது தண்ணீர் பின்னால் தேங்கி, கரையோரத் தாழ்நிலங்களுக்குள் பரவும்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை. கடலிலிருந்து தள்ளி இருக்கும் ரெயின்போ நகரும் கிருஷ்ணா நகரும் மூழ்கின. கடலூருக்குப் பெரிய அடி அதற்கப்புறம்தான். திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2 அதிகாலையில் விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட, தென்பெண்ணைக் கரை முழுக்க வெள்ளம். தாழங்குடா, குண்டு உப்பலவாடி, கண்டக்காடு, நாணமேடு, உச்சிமேடு எல்லாம் தண்ணீரில் நின்றன. கடைசி இரண்டு பெயரிலும் 'மேடு' இருப்பதைக் கவனியுங்கள். பெயரை நம்பி யாரும் முன்பணம் கொடுத்துவிட வேண்டாம். உங்கள் பட்டியலிலிருந்து தாழங்குடாவை இப்போதே அடித்துவிடலாம்.

வீடு பார்க்கப் போகும்போது வீட்டுக்காரரிடம் "வெள்ளம் வருமா?" என்று கேட்காதீர்கள். "இங்கெல்லாம் வராது" என்றுதான் பதில் வரும். தெருவைப் பாருங்கள். மதில் சுவர்களில் ஒரே உயரத்தில் மங்கலான பழுப்புக் கோடு ஓடுகிறதா? அதற்குக் கீழே மட்டும் புதிதாக வெள்ளையடித்திருக்கிறதா? மின் மீட்டர் பெட்டிகள் எல்லா வீட்டிலும் தலை உயரத்துக்கு ஏற்றி வைக்கப்பட்டிருந்தால், அந்தத் தெரு பட்டறிந்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் பக்கத்து வீட்டு அம்மாவிடம், "போன புயலுக்குத் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சும்மா?" என்று கேளுங்கள். நான் ஒருமுறை இப்படிக் கேட்டபோது அந்த அம்மா பதிலே சொல்லவில்லை. முந்தானையை இழுத்துச் செருகியபடி, கையை இடுப்பில் வைத்துக் காட்டினார். அந்த வீட்டை என் வாடிக்கையாளர் வாங்கவில்லை. வாசலையும் பாருங்கள். சாலை போடும்போதெல்லாம் மேலே ஒரு அடுக்கு ஏறும், பழைய வீடுகளின் தரை அப்படியே இருக்கும். சாலையிலிருந்து வீட்டுக்குள் இறங்கிப் போக வேண்டியிருந்தால் அந்த வீடு வேண்டாம்.

சரி, கடலுக்கு வருவோம். புதுச்சேரியின் பிரச்சினை வேறு. 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கல்லணைகள் கடலுக்குள் நீட்டப்பட்டன. நம் கரையில் வருடத்தில் பெரும்பாலான மாதங்களில் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கும். கல்லணை அதைத் தடுத்ததும் தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர்ந்தது, வடக்கே நகரத்துக் கடற்கரை கரைந்தது. நகரத்தைக் காக்கப் பாறைகளைக் கொட்டிச் சுவர் எழுப்பினார்கள். அரிப்பு அந்தச் சுவர் முடிகிற இடத்துக்கு நகர்ந்தது. அப்படியே நகர்ந்து நகர்ந்து தமிழ்நாட்டுப் பக்கமுள்ள தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் வரை வந்துவிட்டது. அங்கே தென்னையும் வீடும் கடலுக்குள் சரிந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். புதுச்சேரித் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு நகரத்துக்குக் கொஞ்சம் மணல் திரும்பியிருப்பது நல்ல செய்தி. ஆனாலும் தந்திராயன்குப்பத்தில் கடலை ஒட்டி வீடு வாங்குவதை ஒரு குடும்பத்துக்கு நான் சொல்ல மாட்டேன். குருசுக்குப்பத்தில் வாடகைக்கு இருக்கலாம், வாழ நல்ல இடம். ஆனால் உங்கள் கணவர் தினமும் இருபத்திரண்டு கிலோமீட்டருக்கு மேல் போய்வர வேண்டும். அரியாங்குப்பம் பாலமும் தவளக்குப்பம் சந்திப்பும் காலையில் எப்படி இருக்கும் என்பதை ஒரு திங்கட்கிழமை எட்டரை மணிக்குப் பேருந்தில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அடுத்தது உப்புக் காற்று. வீடு தேடுகிறவர்கள் மாடியில் நின்று காற்று வாங்கிவிட்டு, "என்ன சுகம்!" என்று திரும்பிவிடுகிறார்கள். அந்தக் காற்றில் வரும் உப்பு, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை மெல்ல மெல்லத் தின்னும். துருப்பிடித்த கம்பி பருக்கும், பருத்த கம்பி கான்கிரீட்டை வெடிக்க வைக்கும். பால்கனியின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். கம்பி போகும் திசையிலேயே நேர்கோட்டு விரிசல்கள் இருந்தால், அவற்றில் பழுப்புக் கறை கசிந்திருந்தால், உள்ளே வேலை ஆரம்பித்துவிட்டது. புதுப் பூச்சு பூசி மறைத்திருக்கிறார்களோ என்று சந்தேகமாக இருந்தால் ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் கெட்டியாக ஒலிக்கும். பெயர்ந்த இடத்தில் காலி டப்பாவைத் தட்டியது போலக் கேட்கும். ஜன்னல் கம்பி அடிக்கட்டைக்குள் இறங்கும் முனையை விரலால் தேய்த்தால் செதில் செதிலாக உதிர்கிறதா என்றும் பாருங்கள்.

பின்னாளில் நீங்களே கட்டுவதாக இருந்தால், கடலோரச் சூழலுக்கு இந்தியத் தரக்குறியீடு ஐ.எஸ். 456 கேட்பது குறைந்தது எம்30 என்னும் வலுத்தரத்துக் கான்கிரீட்டும், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கனத்துக்குக் கான்கிரீட் மூடலும். கோவையில் கட்டும் கணக்கில் இங்கே கட்டினால் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் பழுதுபார்க்கும் செலவு வந்து நிற்கும். அலை ஓரத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போனாலே உப்பின் வேகம் நன்றாகக் குறையும். அதனால்தான் கடலுக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு பாருங்கள், கடலைப் பார்த்த வீடு வேண்டாம் என்கிறேன்.

தண்ணீர். கடலோரத்தில் நல்ல தண்ணீர், கனமான உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கும். கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடி வரை இருக்கும் என்பது கணக்கு. அதாவது மேலே ஒரு அடி இறங்கினால் கீழே நாற்பது அடி இழப்பு. போர் போட்டு அளவில்லாமல் இறைக்கிற தெருவில் மே மாதம் தண்ணீர் கரிக்கும். வீட்டுக் குழாயில் கை கழுவிப் பாருங்கள். சோப்பு நுரைக்காமல் கையில் பிசுபிசுத்தால் பாத்திரமும் துணியும் தலைமுடியும் என்ன பாடுபடும் என்று உங்களுக்கே புரியும். ஒரு பாட்டிலில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதியுங்கள். மொத்தக் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதி.

மாமியாருக்கு இளைப்பு என்றீர்கள். நான் மருத்துவர் இல்லை, வீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தரைத்தளம் வேண்டாம். ஆனால் அவர் ஏறி இறங்கும் படிகள் உயரம் குறைந்தவையாக, கைப்பிடியோடு இருக்க வேண்டும், ஆகவே முதல் மாடி. படுக்கையறைச் சுவர் உப்புப் பூத்து ஈரம் கோத்திருந்தால் அங்கே பூஞ்சை பிடிக்கும். பீரோவை நகர்த்தச் சொல்லி அதன் பின்பக்கச் சுவரை முகர்ந்து பாருங்கள். முதுநகருக்குத் தெற்கே சிதம்பரம் சாலையில் சிப்காட் தொழிற்பேட்டையின் ரசாயன ஆலைகள் இருக்கின்றன. குடிகாடு, ஈச்சங்காடு பக்கத்து மக்கள் காற்றில் வரும் நெடி பற்றிப் பல ஆண்டுகளாகப் புகார் சொல்லிவருகிறார்கள். வாடகை குறைவு என்று யாராவது அந்தப் பக்கம் கூட்டிப்போனால் போகாதீர்கள்.

மகளின் படிப்பு. புதுச்சேரியும் தமிழ்நாடும் ஒட்டிக் கிடந்தாலும் இரண்டு அரசாங்கம். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2024-25 முதல் மத்திய வாரியப் (சி.பி.எஸ்.இ.) பாடத்திட்டத்துக்குப் போய்விட்டன. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் மாநிலப் பாடத்திட்டம். ஒன்பதாம் வகுப்பில் பாடத்திட்டத்தை மாற்றினால் பத்தாம் வகுப்புக்குள் அவள் மூச்சுவிடத் திணறுவாள். இப்போது எதில் படிக்கிறாளோ அதையே தொடரும் பள்ளியை முதலில் முடிவுசெய்து, அதைச் சுற்றி வீடு தேடுங்கள். புதுச்சேரியில் குடியேறினால் வண்டியின் தமிழ்நாட்டுப் பதிவும் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் செல்லாது, மறுபதிவு செய்ய வேண்டியிருக்கும்.

தேவனாம்பட்டினம் பற்றித் தனியாக ஒன்று. அது மீனவ ஊர். காலையில் படகு வந்து, மீன் இறங்கி, ஏலம் நடந்து, வலை காயும் மணல் அது. அவர்கள் பிழைப்பு நடக்கும் இடம். நமக்குக் காற்று வாங்கும் இடம் என்று நினைத்துக் குடிபோய்விட்டு, பிறகு கருவாட்டு வாசனையைப் பற்றி முகம் சுளிப்பது நியாயமில்லை. மனமொத்துப் போகிறவர்களுக்கு அருமையான ஊர். உங்கள் மாமியாரின் உடம்புக்கும் அலைக்கு இவ்வளவு பக்கத்தில் வீடு என்பதற்கும்தான் என் தயக்கம்.

இந்த நான்கையும் விட்டுவிட்டு மஞ்சக்குப்பம் அல்லது புதுப்பாளையத்தில், கெடிலக் கரையை ஒட்டாத தெருவாகப் பார்த்து, முதல் மாடியில் வாடகைக்குப் போங்கள். அலுவலகம் பக்கம், அரசுத் தலைமை மருத்துவமனை பக்கம், தேவனாம்பட்டினத்துக் கடற்கரையான சில்வர் பீச் இரண்டு மூன்று கிலோமீட்டர். சாயங்காலம் பிள்ளைகளை வண்டியில் உட்கார வைத்தால் பத்து நிமிடத்தில் கடல். புதுச்சேரிதான் வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் நின்றால் லாஸ்பேட்டை மேட்டுப் பக்கம் பாருங்கள். கடல் சற்றுத் தள்ளிப் போகும், தண்ணீர் நிற்காது.

வாங்குவதை ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள். ஜூனில் பதினொரு மாத ஒப்பந்தம் போட்டால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரு முழுப் பருவமழை அதற்குள் வந்துவிடும். அந்த மூன்று மாதமும் ஞாயிற்றுக்கிழமைகளில் குடை பிடித்துக்கொண்டு, உங்களுக்குப் பிடித்த தெருக்களில் நடந்து பாருங்கள். எந்த மனையில் மூன்றாம் நாளும் தண்ணீர் நிற்கிறது என்று எந்தப் பத்திரமும் சொல்லாது. பிறகு வாங்கும்போது பட்டா, வில்லங்கச் சான்றோடு, கட்டடம் கட்டக் கட்டுப்பாடு உள்ள கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் மனை வருகிறதா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். கடல் ஏறி வரும் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அந்த விதி பேசும், கடலின் ஏற்ற இறக்கம் எட்டும் ஆற்றங்கரைக்கும் பொருந்தும். அனுமதியில்லாமல் கட்டிய வீட்டுக்கு வங்கிக் கடன் கிடைப்பது கஷ்டம்.

முதல் மழைக்காலத்துக்கு ஒரு சொந்த அனுபவம். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கரை கடந்தபோது எங்கள் மாடியில் பிளாஸ்டிக் தொட்டி பாதிதான் நிரம்பியிருந்தது. காற்று அதைத் தூக்கிப் பக்கத்துத் தெருவில் போட்டது. அதற்கப்புறம் பல நாள் மின்சாரம் இல்லை, மோட்டார் ஓடவில்லை, அடிபம்பில் வரிசையில் நின்று குடம் குடமாகச் சுமந்தோம். புயல் எச்சரிக்கை வந்ததும் தொட்டியை விளிம்பு வரை நிரப்பிவிடுங்கள். கனத்தில் அது அசையாது, தண்ணீரும் கையில் இருக்கும். மாமியாரின் இன்ஹேலர் இரண்டு கூடுதலாக வாங்கி வையுங்கள். நெபுலைசர் மின்சாரத்தில் ஓடுவதாக இருந்தால் அதற்கு மாற்று என்ன என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மகனுக்கு: கடலில் குளியல் வேண்டாம் கண்ணா. சில்வர் பீச்சும் சரி, புதுச்சேரிக் கடற்கரையும் சரி, பார்க்க அமைதியாக இருக்கும்போதே காலடி மணலை உருவும் இழுப்பு உண்டு. ஆறு கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அது இன்னும் மோசம். நீச்சல் தெரிந்த பெரியவர்களே இங்கே மூழ்கிப் போயிருக்கிறார்கள். ஈர மணலில் உட்கார்ந்து கோட்டை கட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கணுக்கால் நனை. நவம்பர் வந்தால் அதுவும் வேண்டாம், மணலோடு நிறுத்திக்கொள்.