கண்ணியும் கைப்பிடியும்: காட்டுப் பறவை பிடிப்பது பற்றிய கேள்வி பதில்

இலங்கையின் வன்னியில் பறவை பிடிப்பது பற்றியும், பிடிபட்டதை விடுவிப்பது பற்றியும் வந்த கேள்விகளுக்கு, காட்டுப் பறவை மருத்துவம் தெரிந்த ஒருவரின் பதில்கள். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.

ஒட்டுசுட்டான்: ஐயா, வீட்டுக்கோழியை அறுத்துச் சாப்பிடலாம், காட்டுக்கோழிக்குக் கண்ணி வைத்தால் மட்டும் கொடுமையா? உயிர் எல்லாம் ஒன்றுதானே?

உயிர் ஒன்றுதான் தம்பி, சாகிற விதம் ஒன்றில்லை. கத்தி கூராக இருந்தால் வீட்டுக்கோழி சில விநாடிகளில் நினைவிழந்துவிடும். பின்னேரம் கண்ணியில் கால் மாட்டிய கோழி, வைத்தவர் விடிய வந்து பார்க்கும்வரை இழுத்துக்கொண்டே கிடக்கும். சுருக்கு இறுக இறுக அதற்குக் கீழே இரத்தம் ஓடாது. கால் வீங்கும், தோல் அறுந்து எலும்பு தெரியும். அதற்குள் நரியோ காட்டுப்பூனையோ வந்தால் உயிரோடேயே தின்னும்.

அவிழ்த்து விட்டாலும் கணக்கு முடிவதில்லை. நெடுநேரம் திமிறிய பறவையின் தசைநார்கள் உள்ளுக்குள் சிதைந்துபோகும். அந்தக் கழிவு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் இதயத்தையும் தாக்கும். 'பறந்திட்டுது, பிழைச்சிட்டுது' என்று நாங்கள் நினைக்கிற பறவை, இரண்டு மூன்று நாளில் கால் விரித்தபடி பற்றைக்குள் செத்துக் கிடக்கும். கோழி இனத்துக்கும், நாரை, உள்ளான் போன்ற நீண்டகால் பறவைகளுக்கும் இந்தச் சிதைவு சுலபமாக வரும்.

இன்னொன்று, கண்ணிக்குக் கண் இல்லை. சேவலுக்கென்று வைத்ததில் அடைகாக்கும் பேடு மாட்டினால் முட்டைகளும் போச்சு. இலங்கைக் காட்டுக்கோழி உலகில் வேறெங்கும் இல்லாதது, நாட்டின் தேசியப் பறவை. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி அதைப் பிடிப்பது குற்றம்.

முழங்காவில்: குளத்தில் விட்ட தங்கூசி (மெல்லிய நைலோன் இழை) வலையில் கொக்கு சிக்கிக் கிடக்கிறது. எப்படி எடுப்பது, அண்ணை?

முதலில் உங்கள் கண்ணைக் காப்பாற்றுங்கள். கொக்கு, நாரை எல்லாம் பளபளக்கிற இடத்தைப் பார்த்துத்தான் குத்தும். பழைய சாரத்தைத் தலைக்கு மேல் போட்டு மூடி, தலைக்குக் கீழே கழுத்தை மெதுவாகப் பிடியுங்கள். இருட்டாக்கினாலே பாதி அடங்கிவிடும். செட்டையை உடம்போடு அணைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நெஞ்சை அமுக்க வேண்டாம். பறவைக்கு உதரவிதானம் இல்லை. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. இறுக்கிப் பிடித்தால் சத்தமில்லாமல் கையிலேயே செத்துவிடும்.

நூலை இழுக்கக் கூடாது, வெட்ட வேண்டும். முனை மழுங்கிய சின்னக் கத்தரிக்கோல் நல்லது. கால், செட்டை, கழுத்து என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். செட்டையின் அடியிலும் இறகுக்குள்ளும் ஒரு இழை மிஞ்சினாலும் நாளாக நாளாகச் சதைக்குள் இறங்கும். பாதம் கறுத்தோ குளிர்ந்தோ இருந்தால் விடவேண்டாம். மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

வாயில் தண்ணீர் ஊற்றவே வேண்டாம். மூச்சுத் துவாரம் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது. ஊற்றினால் நேரே சுவாசப்பைக்குப் போகும். காற்றுத் துளை போட்ட காட்போட் பெட்டியில், நிழலில், ஒரு மணித்தியாலம் அமைதியாக வையுங்கள். எழுந்து நேராக நின்றால் குளக்கரையில் விடலாம். வெட்டிய வலையை அள்ளிக்கொண்டு வாருங்கள், அங்கேயே எறிந்தால் நாளைக்கு அடுத்தது மாட்டும்.

கரிப்பட்டமுறிப்பு: ஆலம்பால் பிசின் ஒட்டிய மைனா. மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கலாமா?

கூடாது. தோலைச் சுடும், மூச்சிலும் ஏறும். முதலில் கோதுமை மாவைத் தூவினால் புதிதாக ஒட்டாது. பிறகு சமையல் எண்ணெயை விரலால் தடவி இளக்கி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் கலந்து எண்ணெயையும் போக்க வேண்டும். எண்ணெய் தங்கினால் இறகு நனைந்து குளிரில் விறைத்துவிடும். நன்றாகக் காயும்வரை விடாதீர்கள்.

துணுக்காய்: சிறுபோக நெல்லில் சில்லையும் கிளியும். வலை போட்டால்தான் வழி.

வயல் முழுவதற்கும் வலை கட்டுப்படியாகாது, மெல்லிய நைலோன் வலையோ பொறியாகிவிடும். சேதம் கூடுதலாக வருவது பால் பருவத்திலிருந்து அறுவடை வரையான நாட்களில்தான். மினுங்கும் நாடா, வெருளி, தகர டப்பா எல்லாவற்றையும் சில நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். ஒரே இடத்தில் நின்றால் வெருளியின் தோளிலேயே சில்லை இருக்கும். பக்கத்து வயல்காரரோடு சேர்ந்து ஒரே காலத்தில் விதைப்பதுதான் பெரிய மருந்து. முந்தியோ பிந்தியோ கதிர் வைக்கிற வயல்தான் அவ்வளவு அடியையும் வாங்கும். தோட்டத்துக்கு வலை வேண்டுமென்றால் சின்னவிரல் நுழையாத, வெள்ளை நிறத் தடித்த வலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டுங்கள். தொங்கினால் பறவை சுற்றிக்கொள்ளும்.

நஞ்சு கலந்த நெல் போடுவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பியூரடான் பூச்சிகொல்லியின் ஒரு குறுணையே சின்னக் குருவியைக் கொல்லப் போதும். செத்ததைத் தின்கிற பருந்தும் நாயும் பின்னால் சாகும்.

மன்னார், மாணவி: ஆய்வாளர்களும் வலை வைத்துத்தானே பிடிக்கிறார்கள்? அது மட்டும் சரியா?

நல்ல கேள்வி தங்கச்சி. அவர்களும் பறவைக்குப் பயத்தைத்தான் கொடுக்கிறார்கள். ஆகவே அதற்கு ஈடாக ஏதாவது வரவேண்டும். 2021இல் மன்னாரில் இடங்காட்டும் கருவி பூட்டிய கடற்காகம் ஒன்று ரஷ்யாவின் யமால் தீபகற்பம் வரை போனது. 7,000 கிலோமீற்றருக்கு மேல். மன்னார்க் கரையைப் பாதுகாக்கச் சொல்ல இதைவிட வலுவான சாட்சி வேண்டுமா?

ஆனால் விதிகள் கடுமை. அனுமதி வேண்டும். வலையை விட்டு நகரக்கூடாது. அரை மணித்தியாலத்துக்குள் ஒருமுறை பார்க்க வேண்டும், வெயில் ஏறினால் அதைவிட அடிக்கடி. மழையில் வலை மூட வேண்டும். கருவியின் எடை உடல் எடையில் 3 வீதத்தைத் தாண்டக்கூடாது என்பது பொதுக் கணக்கு, அதாவது 100 கிராம் பறவைக்கு 3 கிராம். இவற்றில் ஒன்றைத் தவறவிட்டால் விஞ்ஞானம் என்ற பெயரும் அதைக் காப்பாற்றாது.

வவுனியா: நேர்த்திக்காகக் கூட்டுப் பறவை வாங்கி விடுகிறோம். புண்ணியம்தானே?

நீங்கள் ஒன்றை விட, பிடிகாரர் பத்துப் பிடிப்பார், அம்மா. காசு கொடுக்கிறவர் இருக்கும்வரை கண்ணி இருக்கும்.

முள்ளியவளை: மொட்டைப் பனையில் இருந்து கிளிக்குஞ்சு எடுத்துத் தந்தார்கள். இறகையும் வெட்டிவிட்டார்கள். இப்ப என்ன செய்வது?

போரில் செல்லடி பட்டுத் தலை போன பனைகள் எங்கள் பக்கம் கிளிக்கு வீடு. குஞ்சுக்காக அதைத் தறித்தால் ஆந்தைக்கும் மைனாவுக்கும் சேர்த்து வீடு போகும். எடுத்தது ஓரிரு நாளுக்குள், பொந்தும் தாய்க்கிளியும் இருக்கிறதென்றால் திருப்பி வையுங்கள். கை பட்ட வாசத்துக்குத் தாய் கைவிடும் என்பது கட்டுக்கதை. நாள் கடந்தால் 1992க்கு அழைத்து வனசீவராசிகள் திணைக்களத்திடம் ஒப்படையுங்கள். வெட்டிய இறகு தானாக நீளாது, அது உதிர்ந்து புது இறகு முளைத்தால்தான் பறக்கும். அதற்குப் பல மாதம் பிடிக்கும். அதுவரை வெளியே விட்டால் பூனைக்குத்தான் சாப்பாடு. ஒப்படைக்கும்வரை சோறும் மிளகாயும் மட்டும் கொடுக்காமல் பப்பாசி, முருங்கைக்கீரை, ஊறவைத்த பயறும் கொடுங்கள். குஞ்சுக்குக் கரைத்து ஊட்டும் உணவு உங்கள் மணிக்கட்டில் இளஞ்சூடாக இருக்கட்டும். கொதிக்கக் கொடுத்தால் கழுத்தடியில் இருக்கிற தீனிப்பை வெந்து ஓட்டை விழும்.