ஒரு படத்தையோ பாட்டையோ தடை செய்தால் அது ஏன் இன்னும் அதிகமாகப் பரவுகிறது?

எல்லாத் தடையும் அப்படிப் பரப்பிவிடுவதில்லை. பரவுவதற்கு மூன்று விஷயங்கள் கூடிவர வேண்டும்: தடுப்பவர் பெரிய ஆள், தடுக்கப்பட்டது எளிதில் நகலெடுக்கக்கூடியது, தடுத்த செய்தி வெளியே தெரிந்துவிட்டது.

பாடகி பார்பரா ஸ்ட்ரைசண்ட் 2003-இல் தொடுத்த வழக்குதான் இதற்குப் பெயர் கொடுத்தது. கலிபோர்னியாவின் கடற்கரை அரிப்பைப் பதிவுசெய்ய எடுத்து ஒரு இணையதளத்தில் போட்ட சுமார் 12,000 படங்களில் ஒன்றில் அவருடைய வீடும் இருந்தது. 5 கோடி டாலர் இழப்பீடு கேட்டார். வழக்குக்கு முன் அந்தப் படம் பதிவிறக்கப்பட்டது வெறும் 6 முறை. அதிலும் 2 முறை அவருடைய வழக்கறிஞர்களே! செய்தி வந்த ஒரே மாதத்தில் அந்தத் தளத்துக்கு 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். வழக்கும் தள்ளுபடியானது, எதிர்த்தரப்பின் வழக்குச் செலவும் அவர் தலையில் விழுந்தது. 'ஸ்ட்ரைசண்ட் விளைவு' என்ற சொல்லைத் தொழில்நுட்ப வலைப்பதிவர் மைக் மாஸ்னிக் 2005-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

அரசுகளும் இதில் சறுக்கியிருக்கின்றன. 2013-இல் பிரெஞ்சு உளவுத்துறை ராணுவத்தின் ஒரு ரேடியோ தகவல்தொடர்பு நிலையம் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரையை நீக்கவைத்தது. உடனே அது மீட்கப்பட்டு, அந்த வாரக்கடைசியில் பிரெஞ்சு விக்கிப்பீடியாவில் அதிகம் படிக்கப்பட்ட கட்டுரை ஆனது.

ஆனால் இதை நம்பித் தணிக்கையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வது தவறு. நமக்குத் தெரிந்ததெல்லாம் தோற்றுப்போன தடைகள்தான். வென்றவை கண்ணுக்கே படுவதில்லை. அனுமதியை மாதக்கணக்கில் இழுத்தடிப்பது, முதலீட்டாளரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவது, பரிந்துரைப் பட்டியலில் சத்தமில்லாமல் கீழே தள்ளுவது: இவற்றில் 'தடை' என்ற செய்தியே பிறப்பதில்லை. பயந்து எழுதாமலே விட்ட காட்சியை யார் நகலெடுத்துப் பரப்புவது?